பாண்டமும் போதையும்: ஒரு புதினத்தின் பொருள்களும் இடங்களும்

பழங்காநத்தத்தில் நாம் வாழும் தெருவில், சென்ற ஆண்டின் பிற்பகுதியில் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய வேளையில், நண்பர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகன் போதை மறுவாழ்வு மையம் ஒன்றிலிருந்து இன்னும் பத்து நாள்களில் வீடு திரும்பவிருந்தான். வலிநிவாரணி மாத்திரைகளைப் பொடித்துக் கரைத்துப் பயன்படுத்தும் பழக்கம் அவனைப் பற்றி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. நண்பர் கேட்டது மார்க்கத் தீர்ப்பு அன்று. மருத்துவ ஆலோசனையும் அன்று.

“அண்ணே, அவன் ரூம அப்படியே வச்சிருக்கோம். அவங்கம்மா ஒரு பொருளக்கூட நகத்த விடல. புள்ள வந்து பாத்தா மனசுக்கு ஆறுதலா இருக்கும்ங்கிறா. அப்படியே இருக்கட்டுமா, இல்ல எல்லாத்தையும் மாத்திரணுமா?”

அவ்வேளையில் நம்மிடம் விடை இல்லை. அந்த வாரங்களில் நாம் படித்துக்கொண்டிருந்த நூலோ, போதை அடிமைத்தனத்தைப் பற்றி இந்திய மண்ணிலிருந்து எழுந்த புதினங்களுள் பெரிதும் பேசப்பட்ட ஒன்று. அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பொருளும் ஓர் இடமும் மனிதரை ஆட்டிப் படைப்பதைக் கண்டுகொண்டிருந்தோம். ஓர் அறையை மாற்றுவதா வேண்டாவா என்னும் எளிய கேள்வி, இலக்கியத்தில் பொருள்களும் இடங்களும் குறியீடாக நிற்பது எவ்வாறு என்னும் பெரிய கேள்வியோடு இணைந்துகொண்டது. அவ்விணைப்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதினமும் அதன் களமும்

ஜீத் தயில் 1959இல் கேரளத்தில் பிறந்தவர். ஆங்கிலக் கவிஞராக அறியப்பட்டவர். ஏறத்தாழ இருபதாண்டுகள் தாமே போதைக்கு அடிமைப்பட்டிருந்ததை அவர் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். அவருடைய முதற் புதினமான ‘நார்க்கோபொலிஸ்’ 2012இல் வெளிவந்தது. அவ்வாண்டு மான் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. 2013இல் தெற்காசிய இலக்கியத்துக்கான டி.எஸ்.சி. பரிசைப் பெற்றது.

கதை 1970களின் பம்பாயில் தொடங்குகிறது. டோம் என்னும் இளைஞன் நியூயார்க்கிலிருந்து வந்து சேர்கிறான். காமாத்திபுராப் பகுதியின் சுக்லாஜி தெருவில் ரஷீத் என்பவர் நடத்தும் அபின் கூடத்தில் அவன் தன் நாள்களைக் கழிக்கிறான். அக்கூடத்தை அவர்கள் ‘கானா’ என்று அழைக்கிறார்கள். அங்கே குழல் தயாரித்துக் கொடுப்பவள் டிம்பிள். சிறு வயதிலேயே காயடிக்கப்பட்டு, விடுதி ஒன்றில் வளர்ந்த திருநங்கை. சீனாவிலிருந்து தப்பி வந்து பம்பாயில் தனித்து வாழும் முதியவர் லீ, ரஷீதின் மகன் ஜமால், தெருவில் உறங்குவோரைக் கல்லால் கொல்லும் முகமறியாக் கொலைஞன் எனக் கதை விரிகிறது. கொகெய்ன் போன்ற புதிய போதைகள் இரவு விடுதிகளில் புழங்கும் 2004ஆம் ஆண்டில் அது முடிகிறது. புதினத்தின் முதற்சொல்லும் இறுதிச்சொல்லும் ஒன்றே: பம்பாய். மும்பை எனப் பெயர் மாறிவிட்ட நகரத்தைப் பழைய பெயரிலேயே அடைத்து வைத்திருக்கும் இவ்வமைப்பு, நகரமே இப்புதினத்தின் முதற்குறியீடு என்பதை உணர்த்துகிறது. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவது அடிமைத்தனத்தின் இயல்பு. புதினத்தின் வடிவமும் அவ்வட்டத்தையே வரைகிறது.

குழல்

புதினத்தின் நடுநாயகப் பொருள் அபின் குழல். அதன் இயக்கத்தை அறிந்தால்தான் அதன் குறிப்பும் விளங்கும். அபினைச் சுருட்டுப்போல் பற்றவைத்துப் புகைப்பதில்லை. ஊசி முனையில் சிறு உருண்டையாக எடுத்து, எண்ணெய் விளக்கின் மேல் பதமாகச் சுட்டு, குழலின் மூடிய கிண்ணத்திலுள்ள சிறு துளையில் பொருத்த வேண்டும். புகைப்பவர் ஒருக்களித்துப் படுத்து, கிண்ணத்தை விளக்கின் வெம்மைக்கு நேரே பிடித்து ஆவியை இழுப்பார். இதற்கு நேரம் வேண்டும், பாய் வேண்டும், கைதேர்ந்த இன்னொருவர் உடனிருக்க வேண்டும். ஆகவே குழல் என்பது ஒரு கருவி மட்டுமன்று. ஒரு சபை, ஒரு சடங்கு, ஒரு பணிவிடை.

டிம்பிளின் கைக்குக் குழல் வந்த வழி கருதத்தக்கது. உடல்வலிக்கு மருந்தாக அவளுக்கு அபினைத் தந்தவர் லீ. அவருடைய பழஞ்சீனக் குழல்கள் அவருக்குப்பின் அவளைச் சேர்கின்றன. அவற்றைக் கொண்டுதான் அவள் ரஷீதின் கூடத்தில் இடம் பெறுகிறாள். தந்தையின் சொத்து மகளுக்குச் சேர்வதுபோல் இது நிகழ்கிறது. ஆனால் அச்சொத்து அடிமைத்தனமே. பெற்றோரும் உற்றாரும் இல்லாத ஒருத்திக்கு வாழ்வில் கிடைத்த ஒரே வாரிசுரிமை இதுவென்பதில்தான் ஆசிரியர் குழலின் முழுத் துயரத்தையும் வைத்திருக்கிறார்.

இக்குழலுக்குள் ஒரு வரலாறும் அடங்கியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்கைச் சமவெளியில் விளைந்த அபின், கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமையின் கீழ்க் கல்கத்தா வழியே சீனாவுக்குச் சென்றது. மாள்வப் பகுதியின் அபின் பம்பாய்த் துறைமுகம் வழியே சென்றது. பம்பாயின் பெருவணிகக் குடும்பங்கள் பலவற்றின் செல்வத்தில் இவ்வாணிபத்துக்குப் பங்குண்டு. ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் டேவிட் சசூனும் இதில் பெயர் பெற்றவர்கள். சீன அரசு அபினைத் தடுக்க முற்பட்டபோது 1839 முதல் 1842 வரையும், மீண்டும் 1856 முதல் 1860 வரையும் போர்கள் மூண்டன. முதற்போரின் முடிவில் ஹாங்காங் ஆங்கிலேயர் வசமாயிற்று. கப்பல் கப்பலாகப் பம்பாயிலிருந்து சீனாவுக்கு அபின் போன ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, ஓர் அகதியின் உடைமையாகக் குழல் பம்பாய்க்குத் திரும்பி வருகிறது. புதினத்தில் இது உரைநடையாக விளக்கப்படுவதில்லை. குழல் கைமாறும் காட்சியே அதைச் சொல்லிவிடுகிறது. இக்கதையைத் தனக்குச் சொன்னது குழல்தான் என்றும், தான் அதை எழுதியவன் மட்டுமே என்றும் கதைசொல்லி இறுதியில் உரைப்பதற்கு இதுவே பொருள். மனிதன் பொருளைப் பயன்படுத்தவில்லை. பொருள் மனிதனைப் பயன்படுத்திக்கொண்டது.

கானாவும் தெருவும்

ரஷீதின் கானாவில் இந்து, முஸ்லிம், கிறித்தவர், வெளிநாட்டார், குமாஸ்தா, ஓவியர், திருடர் அனைவரும் ஒரே தரையில் படுக்கிறார்கள். சாதியும் மதமும் வாசலோடு நின்றுவிடுகின்றன. இச்சமத்துவத்தை ஆசிரியர் ஓரளவு ஏக்கத்தோடுதான் வரைகிறார். இவ்விடத்தில் முஸ்லிம் வாசகர் சற்றுத் தயங்குவது இயல்பு. ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்கும் இடம் நமக்கு வேறொன்று. ஆயினும் அத்தயக்கத்தைத் தாண்டி நோக்கினால், கானா பள்ளிவாசலின் போலி நிழலாக அமைந்திருப்பது புலப்படும். பாய், வரிசை, மௌனம், குறித்த வேளை, பணிவிடை செய்யும் ஒருவர் என வடிவம் முழுவதும் அங்கே உண்டு, உள்ளீடுதான் இல்லை. எங்கும் இடம் கிடைக்காதவர்கள் அங்கே இடம் தேடிக்கொண்டார்கள் என்பது உண்மையானால், ஏனைய இடங்கள் அவர்களை ஏன் ஏற்கவில்லை என்னும் கேள்வி நம்மையும் சுட்டும்.

ரஷீத் தம் தொழிலின் பாவத்தை அறியாதவர் அல்லர். அறிந்தவாறே அதில் இருக்கிறார். விலக்கப்பட்டது எது என்பது அவருக்கு ஐயமில்லை. விடுபடும் வழிதான் தெரியவில்லை. நம் மேடைகளில் போதையைப் பற்றி நிகழும் உரைகள் பெரும்பாலும் முதற்பகுதியோடு முடிந்துவிடுகின்றன. ரஷீதுக்குத் தேவைப்பட்டதோ இரண்டாம் பகுதி.

குழலை வென்ற பொடி

1980களில் கானாவுக்குள் ஹெராயின் நுழைகிறது. பழுப்பு நிறப் பொடியை அத்தெருவினர் ‘கர்த்’ என்கிறார்கள். அதற்குக் குழல் வேண்டா, பாய் வேண்டா, பணிவிடை செய்பவரும் வேண்டா. ஒரு துண்டு உலோகத்தாளும் நெருப்பும் போதும்; மாடிப்படியின் இருட்டே கூடமாகிவிடும். குழல் காலத்தைக் கேட்டது; பொடி காலத்தை விழுங்கியது. குழலைச் சுற்றிச் சிலராவது கூடினார்கள். உலோகத்தாளோடு ஒவ்வொருவரும் தனியரானார்கள். ஒரு பொருளின் இடத்தில் இன்னொரு பொருள் வந்தமர்ந்த அளவிலேயே ஓர் உலகம் முடிந்துபோனதைப் புதினம் காட்டுகிறது.

இது வெறுங்கற்பனை அன்று. போதைப்பொருள்கள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டம் நடுவண் அரசால் 1985இல் இயற்றப்பட்டது. அபினுக்கும் ஹெராயினுக்கும் பெரும்பாலும் ஒரே தண்டனை. குறைந்தது பத்தாண்டுச் சிறை. அளவுக்கேற்பத் தண்டனையைப் பிரித்த திருத்தம் 2001இல்தான் வந்தது. பருமனும் மணமும் உள்ள பொருளை ஒளிப்பது கடினம். ஒரு சிட்டிகைப் பொடியை ஒளிப்பது எளிது. தண்டனை ஒன்றே என்றானபோது வணிகன் எதைத் தேர்ந்தான் என்பதை அறிய நெடிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. நம் தெருக்களில் இன்று மாத்திரை அட்டை புழங்குவதற்கும் இதுவே காரணம். அது மருந்துபோல் தோன்றும், சட்டைப்பையில் அடங்கும், தாயின் கண்ணில் பட்டாலும் ‘தலைவலிக்கு’ என்று சொல்லிவிடலாம்.

புர்காவும் பெயரும்

ரஷீதின் வீட்டில் டிம்பிளுக்கு ஸீனத் என்னும் பெயரும் புர்காவும் கிடைக்கின்றன. அவளோ சேலையையும் புர்காவையும் மாற்றி மாற்றி அணிகிறாள். எந்த உடையில் எவ்வாறு பார்க்கப்படுகிறோம் என்பதை அவள் நுட்பமாக அறிவாள். அவளுக்கு ஆடை முதலில் ஒரு மறைப்பு. பின்னர் ஒரு வீடு. உடலும் பெயரும் பிறரால் தீர்மானிக்கப்பட்ட ஒருத்தி, தன்னைத் தானே தேர்ந்துகொள்ளக் கிடைத்த சிறு வெளி அது.

ஆனால் 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் எரிந்தபோது பெயரும் ஆடையும் உயிரின் விலையாயின. அக்கலவரங்களில் இறந்தோர் 900 பேர் என ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. அவர்களுள் 575 பேர் முஸ்லிம்கள். மதம் வாசலோடு நின்றுவிட்ட கானா, நகரம் முழுவதும் மதம் கேட்கப்பட்ட அந்நாள்களில் நிலைக்க இயலவில்லை. போதை தரும் ஒற்றுமை மெய்யான ஒற்றுமையன்று என்பதைப் புதினம் எந்தப் போதனையும் இன்றி நிறுவுவது இவ்விடத்தில்தான்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இப்புதினத்தில் நாம் முகம் சுளிக்கும் பக்கங்கள் பல உண்டு. இளையோர் கையில் அதனை அப்படியே கொடுத்துவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. ஆனால் போதையின் உள்ளே இருப்பவன் உலகை எவ்வாறு காண்கிறான் என்பதை அறியப் பெரியோர் இதனைப் படிக்கலாம். நோயை அறியாதவர் நோயாளியைத் திட்ட மட்டுமே முடியும்.

மதுரையின் முடுக்கு

பம்பாய் வரை போவானேன் என்று வாசகர் கேட்கலாம். நம் மதுரைக்கே ஒரு முன்னோடி உண்டு. 1929இல் பிறந்து 1981இல் மதுரையில் மறைந்த ஜி. நாகராஜன், கணிதம் கற்பித்த பேராசிரியர். மதுரையின் விளிம்பு மனிதரை எழுதியவர். ‘குறத்தி முடுக்கு’ 1963இலும் ‘நாளை மற்றுமொரு நாளே’ 1974இலும் வெளிவந்தன. முன்னதன் பெயரே ஓர் இடம். பின்னதன் பெயரோ ஒரு காலம். கந்தன் என்பவனுடைய ஒரே ஒரு நாளைப் பற்றியது பின்னது. விடிந்தால் உடல் கேட்கும், உடல் கேட்டதைத் தேடி நாள் நகரும், மறுநாளும் அதுவே. ‘மற்றுமொரு’ என்னும் ஒரு சொல்லிலேயே அடிமைத்தனத்தின் சுழற்சியை வைத்தவர் அவர். தம் அறிவும் எழுத்தும் அனைத்தும் உடனிருந்தும், குடியும் கஞ்சாவும் அவருடைய உடலை அழித்தன.

முடுக்கு என்பது மதுரைக்காரருக்கு வெறும் சந்து அன்று. உள்ளே நுழைய ஒரு வழி. சில வேளை வெளியேற வழியே இராது. பம்பாய்ப் புதினத்தின் தெருவும் மதுரைப் புதினத்தின் முடுக்கும் ஒரே உண்மையைச் சொல்கின்றன: போதை ஒரு பொருளில் மட்டும் குடியிருப்பதில்லை; அது இடத்திலும் குடியேறிவிடுகிறது.

நம் பழங்காநத்தத்தையே நோக்குவோம். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் எழுவதற்கு முன்பு தென்மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகள் பழங்காநத்தத்திலிருந்தே புறப்பட்டன. பேருந்துகள் இடம் மாறிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் திருநெல்வேலிக்குப் போகும் முதியவர் சிலரின் கால்கள், சிந்தனை ஓட்டத்தில் இன்றும் இந்தப் பக்கமே திரும்புவதை நாம் கண்டிருக்கிறோம். கால்களுக்கு ஒரு நினைவு உண்டு. தீங்கற்ற பழக்கத்துக்கே இத்தனை வலிமை என்றால், உடலையே பிடித்தாட்டும் பழக்கத்துக்கு எத்தனை வலிமை இருக்கும்!

பாண்டங்கள்

இஸ்லாமிய மரபு இவ்வுண்மையை அறிந்திருந்தது. மது ஒரே நாளில் விலக்கப்படவில்லை. அதன் பயனைக் காட்டிலும் தீமை பெரிதென்று முதலில் உணர்த்தப்பட்டது. போதையோடு தொழுகையை நெருங்கலாகாது எனப் பின்னர் ஆணை வந்தது. முற்றிலும் விலகிக்கொள்ளுமாறு கட்டளை அதன் பின்னரே இறங்கியது. அவ்வறிவிப்பைக் கேட்டபோது அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் மது பரிமாறிக்கொண்டிருந்தவர் அனஸ் (ரலி) அவர்கள். அக்கணமே மது வெளியே கொட்டப்பட்டது. மதீனாவின் சந்துகளில் அது ஓடியது.

இதனை ஒட்டி நமக்கு மிகவும் பயன்படும் செய்தி வேறொன்று. அப்துல் கைஸ் குலத்தின் தூதுக்குழு நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, அவர்களுக்கு நான்கு பாண்டங்கள் தடை செய்யப்பட்டன: சுரைக் குடுக்கை, மெருகிட்ட மண்சாடி, குடைந்த பேரீச்ச மரத்துண்டு, கீல் பூசிய கலம். இவை அவர்கள் பழச்சாறு ஊறவைக்கப் பயன்படுத்திய பாண்டங்கள். இவற்றில் சாறு விரைந்து புளித்துப் போதையேறிவிடும் என்பது அறிஞர் கூறும் ஒரு காரணம். மதுவின் பழக்கம் அண்மையில் நீங்கிய காலத்தில் அதனை நினைவூட்டும் பொருள்களையும் அகற்றியது மற்றொரு காரணம்.

ஆனால் செய்தி அத்தோடு நிற்கவில்லை. பின்னர் அத்தடை நீக்கப்பட்டது. பாண்டம் எதையும் ஆகுமாக்குவதுமில்லை, விலக்காக்குவதுமில்லை. போதை தருவதே விலக்கு என்னும் கருத்து ஸஹீஹ் முஸ்லிமில் புரைதா (ரலி) அவர்களின் வழியே பதிவாகியுள்ளது. இவ்விரு நிலைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவது நிலை, பொருளுக்கு வலிமை உண்டு என ஏற்கிறது. இரண்டாவது நிலை, அவ்வலிமை பொருளின் இயல்பில் இல்லை, மனிதனின் நினைவில்தான் இருக்கிறது, நினைவு ஆறியபின் பொருள் மீண்டும் வெறும் பொருளே எனத் தெளிவிக்கிறது. குறியீடு பற்றிய கோட்பாடுகள் பலவற்றை நாம் படித்திருக்கிறோம். இதனினும் துல்லியமான ஒன்றைக் கண்டதில்லை.

பொருளின் மீது விழிப்பு இன்றேல் என்ன நேரும் என்பதற்கு முகலாய வரலாறே சான்று. அக்பரின் மகன் தானியால் மதுவால் நலிந்தபோது மது அவரை அணுகாதவாறு காவல் இடப்பட்டது. வேலையாள்கள் துப்பாக்கிக் குழலுக்குள் மதுவை ஊற்றி ஒளித்துக் கொண்டுவந்தார்கள். வெடிமருந்தின் எச்சமும் இரும்புத் துருவும் அதில் கரைந்து அவரைக் கொன்றன. ஜனாஸாவுக்கு இணையானது எனப் பொருள்படும் பெயரை அத்துப்பாக்கிக்கு அவரே சூட்டியிருந்தார் என, தாமும் மதுவுக்கும் அபினுக்கும் ஆட்பட்டிருந்த அண்ணன் ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். காவல் மதுவின் மேல் இருந்தது. துப்பாக்கியின் மேல் இல்லை.

அறிவியல் கண்டது

சென்ற நூற்றாண்டின் ஆய்வாளர்களும் இவ்வுண்மையை வேறு வழியில் அறிந்திருக்கிறார்கள். வியட்நாமில் போரிட்ட அமெரிக்கப் படைவீரரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமைப்பட்டிருந்தார். 1971இல் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்னும் அறிஞர் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே அடிமைப்பட்டிருந்தவர்களுள் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 விழுக்காட்டினரே. மூன்றாண்டுகளில் சுமார் 12 விழுக்காட்டினர். காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் ஒன்று வெளிப்படை: காடும் கூடாரமும் தோழரும் போரும் பின்னே தங்கிவிட்டன, நினைவூட்டும் இடம் இல்லாமற் போயிற்று. மறுவாழ்வு மையத்தில் நலம்பெற்றுப் பழைய தெருவுக்கே திரும்புகிறவனின் நிலை இதற்கு நேர் எதிர்.

1982இல் ஷெப்பர்ட் சீகல் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது. ஹெராயினுக்குப் பழக்கப்பட்ட எலிகளுக்கு ஒரே பேரளவு கொடுக்கப்பட்டது. வழக்கமான இடத்தில் பெற்றவற்றுள் ஏறத்தாழ 32 விழுக்காடு இறந்தன. புதிய இடத்தில் பெற்றவற்றுள் 64 விழுக்காடு இறந்தன. வழக்கமான இடத்தைக் கண்டவுடனேயே உடல் நஞ்சை எதிர்கொள்ள ஆயத்தமாகிறது என்பது இதன் விளக்கம். அந்த ஆயத்தத்தைத்தான் அடிமைப்பட்டவர் ஏக்கமாகவும் நடுக்கமாகவும் உணர்கிறார். அறையும் விளக்கும் பாத்திரமும் அவரை அழைப்பது கவிஞரின் உருவகமன்று, உடலின் செயல்.

இங்கே பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. சில வாரங்கள் விலகியிருந்தவரின் உடல் பழைய தாங்குதிறனை இழந்துவிடும். வலிநிவாரணி, ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருள்களில், முன்பு அவர் தாங்கிய அதே அளவு இப்போது உயிரைப் பறிக்கக்கூடும். மறுவாழ்வு முடிந்து வீடு திரும்பிய முதல் வாரங்களே பேராபத்துக்குரியவை. ‘குணமாகிவிட்டான்’ என்று குடும்பம் கண்ணயரும் காலமும் அதுவே.

டம்ளர்

நண்பருக்கு நாம் சொன்ன விடை இவற்றிலிருந்து எழுந்ததுதான். அறையை மாற்றுங்கள், மகனை மாற்ற முயலாதீர்கள். கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். சுவருக்கு வேறு வண்ணம் பூசுங்கள். இயலுமாயின் முதற்சில மாதங்களுக்கு வேறோர் ஊரில் உறவினர் வீட்டில் அவன் தங்கட்டும். மனநல மருத்துவரைத் தொடர்ந்து காணட்டும். பழைய கைபேசி எண்ணும் ஓர் இடமே. அதையும் காலி செய்யுங்கள். இவற்றைக் கேட்டுத் தலையசைத்தவர், போகும்போது தயங்கி நின்றார்.

“ஒரு டம்ளர் இருக்குண்ணே. அவன் பேரு வெட்டுன எவர்சில்வர் டம்ளரு. அவங்க நன்னா ஓதி முடிச்சப்ப வாங்கிக் குடுத்தது. அதுலதான் மாத்திரயக் கரச்சிருக்கான். அவங்கம்மா அதக் கழுவிக் கழுவி வைக்கிறா. தூக்கிப் போடவும் மனசில்ல, கண்ணுல படவும் ஆகல.”

பாட்டனார் பேரனுக்கு அளித்த பரிசு. குர்ஆனை ஓதி முடித்ததன் அடையாளம். பின்னர் நஞ்சைக் கரைத்த கலம். மூன்றும் ஒரே டம்ளர். எந்தப் புதின ஆசிரியரும் கற்பித்துச் செய்யாத குறியீடு அது. பாண்டங்களைப் பற்றிய செய்தியின் இரு நிலைகளையும் அவருக்கு எடுத்துரைத்தோம். எறிய வேண்டா, இப்போது பரண்மேல் ஏற்றிவிடுங்கள். பாண்டம் எதையும் விலக்காக்குவதில்லை என்று அவன் மனமே சொல்லும் நாள் வரும்; அன்று இறக்கிக் கொடுங்கள் என்றோம்.

குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சிலர் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றார்கள். தண்டனை நடந்தது, நேசம் மறுக்கப்படவில்லை. ரஷீதின் கானாவில் படுத்திருந்தவர்களுக்கு இவ்வொரு சொல் எங்கேனும் கிடைத்திருக்குமாயின் அவர்களுடைய இடம் வேறாயிருக்கலாம். நம் மஹல்லாக்களில் இத்தகைய குடும்பங்கள் வெட்கத்தால் கதவடைத்துக்கொள்கின்றன. தட்டிச் சென்று விசாரிப்போர் இல்லாத கதவுக்குப் பின்னே பொருள்கள்தாம் பேசிக்கொண்டிருக்கும்.

அவ்விளைஞன் மேலூரில் தன் தாய்மாமன் வீட்டில் ஐந்து மாதங்கள் தங்கினான். இப்போது பழங்காநத்தம் திரும்பி, ஒரு கடையில் கணக்கெழுதி வருகிறான். இடையில் ஒருமுறை தடுமாறியதும் உண்டு. மறுநாளே மருத்துவரிடம் தானாகச் சென்றான். ஜுமுஆ நாள்களில் நமக்கு இரண்டு வரிசை முன்னே நிற்கக் காண்கிறோம். டம்ளர் இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. அதை இறக்கும்படி அவன் கேட்கவில்லை. அவன் கேட்கும்வரை நாமும் கேட்கப் போவதில்லை.